உங்கள் தூக்கத்தை யாராவது விசாரித்தார்களா?

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மருத்துவரைப் பார்ப்பவர்களுக்கு அங்கே கேட்கப்படும் கேள்விகள் மனப்பாடம். மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறீர்களா? உப்பைக் குறைத்தீர்களா? தினமும் நடக்கிறீர்களா? இத்துடன் விசாரணை முடிந்து மருந்துச்சீட்டு கைக்கு வந்துவிடும். 'ராத்திரி எப்படித் தூங்குறீங்க?' என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

நாமும் வாய் திறந்து சொல்வதில்லை. வயதானால் அப்படித்தான், வேலை டென்ஷன், பிள்ளைகளைப் பற்றிய கவலை என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொண்டு விட்டுவிடுகிறோம். ஆனால், நாட்பட்ட நோய்களைத் தடுப்பதில் உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் உள்ள இடம் தூக்கத்துக்கும் உண்டு என்பதை ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிவருகின்றன. தூக்கத்தில் வரும் கனவுகள்கூடச் சில நேரங்களில் வரப்போகும் நோயை முன்கூட்டியே சொல்கின்றன.

நாம் எங்கே நிற்கிறோம்?

சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. அதன் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். அந்த நோயின் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி பேர். பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம்.

வாசலில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? முடியும் என்று முதலில் காட்டிய நகரங்களில் சென்னையும் ஒன்று. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளியானது. உணவிலும் உடலுழைப்பிலும் மாற்றம் செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 28.5 சதவிகிதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை போட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய அதே அளவுதான். பழக்கவழக்கத்தை மாற்றினால் நோயைத் தள்ளிப்போடலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த ஆதாரம் இது.

அந்தக் காலத்தில் பழக்கவழக்கம் என்றால் சாப்பாடும் நடையும்தான். தூக்கம் அந்தப் பட்டியலுக்குள் வரப் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்க இதய சங்கம் இதய நலனுக்காக வகுத்திருந்த ஏழு அளவுகோல்களோடு, எட்டாவதாகத் தூக்கத்தைச் சேர்த்தது 2022-ல்தான்.

ஆறு இரவுகளில் ஏறிய சர்க்கரை

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் காட்டர் தலைமையிலான குழு, ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்தது. ஆறு இரவுகளுக்கு அவர்கள் படுக்கையில் இருக்க அனுமதிக்கப்பட்ட நேரம் நான்கு மணி நேரம் மட்டுமே. பிறகு விட்ட தூக்கத்தைப் பிடிக்கத் தாராளமாக நேரம் கொடுத்து இரண்டு நிலைகளையும் ஒப்பிட்டார்கள். தூக்கம் குறைந்த நாட்களில், ரத்தத்தில் செலுத்திய சர்க்கரை வெளியேறும் வேகம் சுமார் 40 சதவிகிதம் மந்தமாகியிருந்தது. மாலை நேரத்தில் இறங்க வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் இறங்காமல் நின்றது. சர்க்கரை நோயின் தொடக்கத்தில் காணும் மாற்றங்கள், எந்த நோயும் இல்லாத இளைஞர்களின் உடலில் ஒரே வாரத்துக்குள் தெரிந்தன. ஆய்வு வெளியான ஆண்டு 1999.

நேரம் மட்டும்தான் கணக்கா? இல்லை என்று காட்டியது அதே பல்கலைக்கழகத்தின் 2008-ம் ஆண்டு ஆய்வு. ஒன்பது பேர் வழக்கமான நேரம் தூங்கினார்கள். அவர்கள் ஆழ்ந்த உறக்கத்துக்குள் இறங்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் மெல்லிய சத்தம் எழுப்பினார்கள். விழிப்பு வராது. ஆனால், ஆழ்ந்த உறக்கம் மேலோட்டமான தூக்கமாகிவிடும். மூன்றே இரவுகளில் அவர்களின் உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்கும் திறன் சுமார் 25 சதவிகிதம் குறைந்தது. எட்டு மணி நேரம் படுத்தும் கோழித்தூக்கம்தான் என்றால், உடல் அதைப் பற்றாக்குறையாகவே எடுத்துக்கொள்கிறது.

தூக்கம் கெட்டால் பசியும் கெடும். வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் கூடுவதைச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவு பதினொரு மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடிப் போகும் கைக்கு, மன உறுதி இல்லாதது மட்டுமே காரணம் அல்ல. இதை மறுபக்கத்திலிருந்தும் சோதித்துப் பார்த்தார்கள். உடல் எடை கூடுதலாக உள்ள, தினமும் ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் 80 பேர் அந்த ஆய்வில் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்குத் தூக்கத்தைக் கூட்ட ஆலோசனை சொல்லப்பட்டது. உணவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர்களின் தூக்கம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடியது. உணவின் வழியே உள்ளே போகும் கலோரி, மற்ற பிரிவினரோடு ஒப்பிடுகையில் நாளொன்றுக்கு 270 குறைந்தது. இது 2022-ல் வெளியானது.

இதயத்துக்கும் இரவுதான் ஓய்வு நேரம். நல்ல தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவிகிதம் வரை இறங்கும். இந்த இறக்கம் இல்லாதவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றின் ஆபத்து அதிகம். பகலில் பிரஷர் பார்க்கும்போது அளவு சரியாக இருந்து, இரவில் இறங்காமலேயே இருப்பவர்களும் உண்டு.

குறட்டை நல்ல தூக்கமா?

"அவருக்கென்னங்க, படுத்த உடனே குறட்டைதான். நல்லாத் தூங்குவாரு" என்று மனைவிமார் சொல்வதைப் பல வீடுகளில் கேட்கலாம். இந்த நம்பிக்கைதான் ஒரு பெரிய நோயை மறைத்து வைத்திருக்கிறது. சத்தமான குறட்டை, நடுவில் திடீரென்று நிசப்தம், பிறகு திணறலோடு ஒரு பெரிய மூச்சு, மறுபடி குறட்டை. இந்த வரிசையில் ஆபத்து இருப்பது அந்த நிசப்தத்தில். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ள, காற்று பத்து வினாடிக்கு மேல் உள்ளே போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி அட்ரினலினைச் சுரக்கவைத்து ஆளைத் தட்டி எழுப்புகிறது. எழுந்தது காலையில் நினைவில் இருக்காது. ஒரு மணி நேரத்தில் 30 முறைக்கு மேல் இப்படி நடந்தால் அது தீவிர நிலை.

இரவெல்லாம் அட்ரினலின் சுரக்கும் உடலில் பிரஷர் எப்படிக் கட்டுப்படும்? மூன்று வகை மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவர்களிடம் இந்தத் தூக்க மூச்சுத்தடை அடிக்கடி காணப்படுகிறது. சர்க்கரை நோயாளிகளிடமும் இது அதிகம். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். நாமக்கல்லிலிருந்து வட மாநிலங்களுக்கு லாரி ஓட்டிச் செல்லும் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், ஆபத்து அவரோடு முடிந்துவிடாது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் இரவுப் பரிசோதனை போதும். தலையில் பசை தடவி மெல்லிய வயர்களை ஒட்டுவார்கள். கண்ணோரத்தில் இரண்டு, மோவாயில் ஒன்றிரண்டு, மூக்கடியில் காற்றோட்டம் பார்க்கும் சிறு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரல் நுனியில் ஆக்சிஜன் கிளிப். அடுத்த அறையில் உள்ள திரையில் ஒவ்வொன்றும் ஒரு கோடாக ஓடும். மூச்சுக்கோடு தட்டையாகிறது, நெஞ்சுப்பட்டையின் கோடு மட்டும் வீணாகத் துடிக்கிறது, சற்றுப் பொறுத்து ஆக்சிஜன் கோடு சரிகிறது, மூளை அலை விழிப்புக்குத் தாவுகிறது. தன் இரவின் இந்தக் கோடுகளைக் காலையில் பார்க்கும் நோயாளிக்கு, பகல் அசதியின் காரணம் வேறு விளக்கம் இல்லாமலே புரிந்துவிடும். வீட்டிலேயே செய்துகொள்ளும் எளிய பரிசோதனைகளும் இப்போது உண்டு.

சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன், முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சி-பேப் முறையை 1981-ல் வெளியிட்டார். இன்றும் முதன்மைச் சிகிச்சை அதுதான். பகல் தூக்கக் கலக்கம் நன்றாகக் குறையும். பிரஷர் ஓரளவு இறங்கும். மாரடைப்பைத் தடுக்கும் என்பதைப் பெரிய ஆய்வுகள் இன்னும் நிறுவவில்லை. எடை குறைப்பதும், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்குக் கைகொடுக்கும்.

நீங்களே சோதித்துப் பார்க்க: 'ஸ்டாப்-பேங்' கேள்விகள்

டொரண்டோவைச் சேர்ந்த மருத்துவர் பிரான்சிஸ் சங் குழுவினர் 2008-ல் வகுத்த கேள்விகள் இவை.
– மூடிய கதவுக்கு வெளியிலும் கேட்கும் அளவுக்குக் குறட்டை உண்டா?
– பகலில் அடிக்கடி அசதியோ தூக்கமோ வருகிறதா?
– தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?
– உயர் ரத்த அழுத்தம் உண்டா?
– பி.எம்.ஐ. 35-க்கு மேலா?
– வயது 50-ஐத் தாண்டியவரா?
– கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா?
– ஆணா?
மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நம்மவர்களுக்கு எடை அவ்வளவு கூடாமலேயே இந்த நோய் வரலாம் என்பதால், ஒல்லியாக இருப்பதை மட்டும் நம்பி விட்டுவிட வேண்டாம்.

விடியற்காலைக் கனவு

1951 டிசம்பரில் ஓர் இரவு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் யூஜின் அசெரின்ஸ்கி, தன் எட்டு வயது மகன் ஆர்மண்டின் கண்ணோரங்களில் மின்முனைகளை ஒட்டித் தூங்கவைத்தார். பக்கத்து அறையில், கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து எடுத்துவரப்பட்ட பழைய மூளை அலைக் கருவி. பேனா முனைகள் தாளில் அமைதியாக அசைந்துகொண்டிருந்தன. திடீரென்று அவை தாறுமாறாக ஆடத் தொடங்கின. பையன் விழித்துவிட்டான் என்று நினைத்து உள்ளே போய்ப் பார்த்தார். ஆர்மண்ட் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். மூடிய இமைக்குள் விழிகள் மட்டும் அங்குமிங்கும் ஓடின.

பேராசிரியர் நத்தானியேல் கிளைட்மனுடன் சேர்ந்து அசெரின்ஸ்கி இதை 1953-ல் வெளியிட்டார். தூக்கம் என்பது மூளை அணைந்து கிடக்கும் நேரம் என்ற எண்ணம் அதோடு மாறியது. விழியோட்டம் உள்ள அந்த நேரத்தில் ஆளை எழுப்பிக் கேட்டால் ஐந்தில் நான்கு முறை கனவு கண்டதாகச் சொல்வதை, வில்லியம் டிமென்ட் 1957-ல் காட்டினார்.

இரவுத் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. முற்பகுதிச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பதும், உடல் பழுது பார்த்துக்கொள்வதும் அப்போதுதான். பொழுது விடிய விடியக் கனவுத் தூக்கத்தின் நீளம் கூடும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்வார்கள். பலிப்பது ஒருபுறம் இருக்கட்டும். மிக நீண்ட, தெளிவான கனவுகள் விடியற்காலையில்தான் வருகின்றன, எழும் நேரத்தை ஒட்டி வருவதால் அவைதான் நினைவிலும் நிற்கின்றன. அந்த அளவில் பெரியவர்களின் கவனிப்பு துல்லியமானது. நாலு மணிக்கே அலாரம் வைத்து எழும் மாணவர் இழப்பதும் பெரும்பாலும் இந்தக் கனவுத் தூக்கத்தைத்தான். படித்ததை நினைவில் பதிப்பதிலும், மனத்தை வாட்டிய நிகழ்வுகளின் சூட்டைத் தணிப்பதிலும் தூக்கத்துக்குப் பங்கு உண்டு.

கனவு காணும்போது கண்ணையும் மூச்சுத்தசையையும் தவிர உடலின் பெரும்பாலான தசைகளை மூளைத்தண்டு பூட்டிவிடுகிறது. கனவில் ஓடினாலும் கட்டிலிலிருந்து விழாமல் இருப்பது இதனால்தான். சில நேரம் பூட்டு திறப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த பாரம். இதைத்தான் அமுக்குவான் பேய் என்கிறார்கள். தூக்கம் கெட்ட நாட்களிலும் நேரம் தவறித் தூங்கும்போதும் இது அதிகம் வரும். ஓரிரு நிமிடங்களில் தானாக விலகிவிடும். உயிருக்கு ஆபத்து இல்லை. மந்திரிக்கப் போவதற்கு முன், அந்த வாரத் தூக்கத்தைச் சரிசெய்து பாருங்கள்.

கனவு சொல்லும் நோய்

பூட்டு விழாமலே போனால்? கனவில் துரத்தும் நாயை உதைப்பவரின் கால், பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி மீது விழும். மினியாபோலிஸ் நகர மருத்துவர்கள் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் இருவரும் 1986-ல் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார்கள். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டிய ஆண்கள்; பகலில் சாதுவானவர்கள்; இரவில் கத்துவார்கள், கையை ஓங்குவார்கள். அப்படிப்பட்ட 29 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், 38 சதவிகிதத்தினருக்கு நடுக்குவாதம் வகை நோய் வந்திருந்தது. இன்னும் பல ஆண்டுகள் போனதும் அது 80 சதவிகிதத்தைத் தாண்டியது. கை நடுங்குவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே கனவு அதைச் சொல்லிவிட்டது. அந்த நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால், அடிபடாமல் காக்கவும், நரம்பியல் மருத்துவரின் தொடர் கண்காணிப்பில் இருக்கவும் வழி உண்டு. சில மனச்சோர்வு மருந்துகளாலும் இப்படி நேரலாம். எனவே மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். குழந்தைகள் முன்னிரவில் எழுந்து நடப்பது வேறு. அது ஆழ்ந்த உறக்கத்தில் நிகழ்வது, வளர வளரப் பெரும்பாலும் போய்விடும்.

பயங்கரக் கனவுகளையும் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பிரஷருக்குத் தரப்படும் புரோப்ரனலால் போன்ற மருந்துகள் சிலருக்குக் கெட்ட கனவுகளைக் கொண்டுவரும். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. சொன்னால் மருத்துவர் மாற்றித் தருவார். மனக்காயத்தால் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது. பகலில் அந்தக் கனவை எழுதி, அதன் போக்கை விரும்பியபடி மாற்றி எழுதி, மாற்றியதைத் தினமும் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்களிடம் பேரி கிராகோ குழு இதைச் சோதித்து, கெட்ட கனவுகள் குறைவதை 2001-ல் காட்டியது.

எட்டு மணி நேரம் படுக்கை, ஐந்தரை மணி நேரம் தூக்கம்

சென்னையில் வருமானம் குறைந்த 452 பேரை வைத்துப் பொருளியல் அறிஞர்கள் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. கையில் கட்டிய கருவி ஒவ்வோர் இரவையும் அளந்தது. அவர்கள் படுக்கையில் இருந்தது சுமார் எட்டு மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம். வெக்கை, கொசு, தெருச்சத்தம், ஒரே அறையில் குடும்பம் முழுவதும் என்று தூக்கத்தைக் கலைக்கக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மெத்தை, தலையணை, மின்விசிறி, காதடைப்பான் கொடுத்து ஊக்கப்படுத்தியதில் தூக்கம் சுமார் அரை மணி நேரம் கூடியது. ஆனாலும் வேலைத்திறனிலோ மனநலத்திலோ எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை. அதே ஆய்வில் வேலையிடத்தில், அமைதியான சூழலில், மதியம் அரை மணி நேரம் தூங்க அனுமதிக்கப்பட்டவர்களுக்கு வேலைத்திறன், கவனம், மனநிலை எல்லாமே மேம்பட்டன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: கலைந்து கலைந்து வரும் தூக்கத்தோடு இன்னொரு அரை மணி நேரத்தைச் சேர்ப்பதால் பெரிய பலன் இல்லை, அமைதியாக ஒரே மூச்சில் கிடைக்கும் சிறு தூக்கத்துக்குப் பலன் உண்டு. 'சீக்கிரம் படுங்கள், செல்போனைத் தள்ளி வையுங்கள்' என்று அறிவுரை சொல்லும்போது, காற்றோட்டமே இல்லாத அறையில் படுப்பவரையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தகரக் கூரையின் சூட்டை எந்த மன உறுதியாலும் இறக்க முடியாது. நூற்பாலையில் வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும் பெண்ணும் தன் உடல் கடிகாரத்தைத் தானே சரிசெய்துகொள்ள முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் 2007-லேயே சேர்த்தது. வீட்டுவசதியும் தொழிலாளர் நலனும் தூக்க மருத்துவத்தில் சேர்ந்தவை.

நம் கையில் இருப்பவை

– பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம். பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரம்.
– படுக்கும், எழும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். பிரிட்டனில் 60,000-க்கும் மேற்பட்டோரைக் கவனித்த 2024-ம் ஆண்டு ஆய்வில், தூக்கத்தின் நீளத்தைவிட அதன் ஒழுங்குதான் ஆயுளோடு நெருக்கமான தொடர்பு காட்டியது.
– காலை வெயிலில் சிறிது நேரம் நில்லுங்கள். உடல் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம்தான்.
– காபியில் உள்ள கஃபீனில் பாதி ஐந்தாறு மணி நேரத்துக்குப் பிறகும் உடலில் இருக்கும். மாலை நாலு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம்.
– மது தூக்கத்தைக் கொடுப்பதுபோலத் தெரியும். கனவுத் தூக்கத்தைக் குறைத்து, பின்னிரவைக் கலைக்கும். மூச்சுத்தடையையும் கூட்டும்.
– தூக்கம் வராமல் புரள வேண்டாம். எழுந்து வந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கியதும் போய்ப் படுங்கள்.
– தூக்கமின்மை மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், முதல் சிகிச்சை மாத்திரை அல்ல. தூக்கப் பழக்கத்தையும் அதைப் பற்றிய எண்ணத்தையும் மாற்றும் உளவியல் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் இதையே பரிந்துரைத்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை, வயதானவர்களைத் தடுமாறி விழவைக்கும்.

அரசு செய்யக்கூடியது

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தன்னார்வலப் பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் எப்படிப் படுக்கிறார்கள், ஃபேன் ஓடுகிறதா என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கிறார்கள். குறட்டையையும் கத்தலையும் இரவில் கேட்ட ஆட்களும் அதே வீட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். தூங்கி எழுந்தும் அசதி தீரவில்லையா? குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறதா? தூக்கத்தில் கத்துவது, கை கால் வீசுவது உண்டா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் அரசு மருத்துவமனைக்கு ஒரு பரிந்துரைச் சீட்டு. அங்கே தூக்கப் பரிசோதனைக்கான வசதி. கேள்விக்குச் செலவில்லை. பரிசோதனைக்கு ஆகும் செலவு, ஒரு பக்கவாத நோயாளியை வாழ்நாள் முழுவதும் பராமரிப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. இந்த மூன்று கேள்விகளையும் சுகாதாரத் துறை அந்தப் பெண்களின் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அதுவரை, அடுத்த முறை மருத்துவர் முன் உட்காரும்போது, அவர் கேட்காவிட்டாலும் உங்கள் தூக்கத்தைப் பற்றி நீங்களே சொல்லுங்கள். துணைக்கு வருபவரையும் சொல்லச் சொல்லுங்கள்.